பெடல் ஸ்டீல் கிற்றாரின் தந்திகள் சமமாக ஒலிக்காதபோது எதை முதலில் திருத்துவது?

பெடல் ஸ்டீல் கிற்றார் என்பது மேசைபோல் கால்களில் கிடையாக நிறுத்தி, தந்திகளின்மேல் ஓர் உருக்கு உருளையை (ஸ்டீல் பார்) நகர்த்தியும், பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் தந்திகளின் சுருதியை மாற்றியும் வாசிக்கும் கருவி. கொழும்பில் ஒருவருடைய கைக்கு அது வந்து சேர்வது பெரும்பாலும் உறவினர் வழியாகத்தான். ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ இருக்கும் சித்தப்பா ஒருவர், மூன்று பெடலும் ஓரிரு முழங்கால் லீவரும் கொண்ட மாணவர் மாதிரி ஒன்றை மலிவாக வாங்கி, ஊருக்கு அனுப்பும் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார். கால்களைப் பொருத்தி, அம்ப்ளிபயரில் இணைத்து, வாசிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே முதல் முறைப்பாடு எழுகிறது: ஒரு தந்தி மற்றவற்றை அமுக்கிக்கொண்டு உரத்து ஒலிக்கிறது, இன்னொன்று காதில் விழுவதே இல்லை.

இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். தந்தித் தொகுதியை மாற்றச் சொல்பவர் ஒருவர், தந்திகளின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்பை உயர்த்தவோ சரிக்கவோ சொல்பவர் இன்னொருவர். பிக்கப்பையே கழற்றி வீசிவிட்டுப் புதியது போடச் சொல்பவரும், உரத்த ஒலியைத் தானாகத் தணிக்கும் கொம்ப்ரசர் ஒன்றை இடையில் வைத்தால் எல்லாம் சமமாகிவிடும் என்பவரும் உண்டு. செலவை மட்டும் பார்த்தால் தெரிவு எளிதாகத் தோன்றும். ஆனால் தவறான திருத்தம் உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறது என்பதையும், இந்தக் கருவிக்கான எந்த உதிரிப்பாகமும் இங்கே நினைத்தவுடன் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சரியான தந்தித் தொகுதியும் பிக்கப்பின் உயரமும் சாய்வும் சேர்ந்தே குறையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும் என்பதும், புதிய பிக்கப் சில குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டுமே நியாயமான செலவு என்பதும், கொம்ப்ரசர் இந்தக் குறைக்கு மருந்தே அல்ல என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

பத்துத் தந்திகளும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் கைவிட வேண்டும். இந்தக் கருவிக்கு வழக்கமான ஈ-9 சுருதியில், வாசிப்பவருக்கு எட்டத்தில் உள்ள முதலாம் தந்தியிலிருந்து எண்ணினால், சுரங்கள் எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி என்று வரும். வழக்கமான தொகுதியில் இவற்றின் தடிப்பு, அங்குலத்தில், 0.013, 0.015, 0.011, 0.014, 0.017, 0.020, 0.026, 0.030, 0.034, 0.036 என்ற வரிசையில் இருக்கும். சாதாரணக் கிற்றாரைப் போல் மெல்லியதிலிருந்து தடித்ததற்கு ஒரே சீராகச் செல்லாமல், இரண்டு தந்திகள் தாண்டி மூன்றாவதாகவே மிக மெல்லிய தந்தி வருவதைக் கவனிக்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் இந்தச் சுருதியில் எஃப் ஷார்ப், டி ஷார்ப் ஆகிய இரண்டையும் மேலே சேர்த்ததன் விளைவு அது. இசைக்கு அது பெரும் வசதி. பிக்கப்புக்கு அது தீராத தலையிடி. ஏனெனில், ஒரு பக்கத்தை உயர்த்தி மறு பக்கத்தைத் தாழ்த்தும் எந்தச் சாய்வும், ஓரத்தில் இல்லாமல் உள்ளே ஒளிந்திருக்கும் அந்த மெல்லிய தந்தியை முழுதாக எட்டிப் பிடிக்க முடியாது.

இலக்கு, ஒன்றாகச் சேர்த்து மீட்டப்படும் தந்திகள் தமக்குள் ஒத்துப்போவதேயாகும். தொடக்கநிலை மாணவர் பயன்படுத்தும் பிடிகள் 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10 ஆகியவை. ஆகவே மூன்று முதல் ஆறு வரையானவையும், எட்டும் பத்தும் ஒத்திருந்தால், ஒன்று, இரண்டு, ஏழு, ஒன்பது ஆகியவற்றில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வைக் கையால் சமாளித்துக்கொள்ளலாம். இவற்றுள்ளும் மூன்றும் ஆறும் தனி இணை. இரண்டும் ஒரே ஜி ஷார்ப் சுரத்தின் மேல், கீழ் ஸ்தாயிகள். நடுவிலுள்ள பி பெடலை மிதித்தால் இரண்டுமே ஏ சுரத்துக்கு ஏறும். ஆறு உரத்தும் மூன்று மெலிந்தும் இருந்தால், பெடல் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேறுபாடு கேட்பவர் காதில் உறுத்தும். கருவியைச் சீர்செய்யும்போது இந்த இணையை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.

காசு செலவழிப்பதற்கு முன், குறை கருவியில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 3-4-5 பிடியில் பெருவிரல் ஐந்தையும், சுட்டுவிரல் நான்கையும், நடுவிரல் மூன்றையும் மீட்டுகின்றன. புதிதாகப் பழகுபவரின் நடுவிரல் வலுக் குறைந்தது. இப்படி மிக மெல்லிய தந்தி மிக மெலிந்த விரலுக்கே வந்து வாய்க்கிறது. எனவே பத்துத் தந்திகளையும் ஒரே பெருவிரல் பிக்கால், ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்க வேண்டும். மூன்றாம் தந்தி அப்போது எழுந்து நின்றால், திருத்தப்பட வேண்டியது விரல்தான். அல்லது விரலில் மாட்டிய உலோகப் பிக்கின் வளைவுதான். பிக்கின் தட்டையான முகம் தந்தியைத் தொடாமல் அதன் விளிம்பு தொட்டால், ஒலி மெலிந்து கீச்சிடும்.

இரண்டாவது சோதனை இன்னும் கூர்மையானது. ஐயத்துக்குரிய தந்தியை முதலில் வெறுமனே மீட்டுங்கள். பிறகு ஸ்டீல் பாரை ஐந்தாம் பிரெற் கோட்டின்மேல் வைத்து மீட்டுங்கள். வெறுமனே மீட்டும்போது நன்றாக ஒலித்து, பார் வைத்ததும் மெலிந்தால், பிக்கப்பைத் தொடவே வேண்டாம். பார் அந்தத் தந்தியில் சரியாகப் படியவில்லை. தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் றோலர்கள், தந்தியின் தடிப்புக்கேற்ப வெவ்வேறு ஆழத்தில் வெட்டப்பட்டிருந்தால், எல்லாத் தந்திகளின் மேல்விளிம்பும் அங்கே ஒரே மட்டத்தில் நிற்கும். மலிவான சில கருவிகளில் எல்லா றோலர்களும் ஒரே அளவாக இருக்கும். வேறு சிலவற்றில், முன்பு யாரோ கழற்றித் துடைத்துவிட்டு வரிசை மாற்றிப் பூட்டியிருப்பார்கள். உருக்கு அடிமட்டம் ஒன்றை றோலர்களுக்கு அருகே தந்திகளின் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் கைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் தந்தியின் மேல் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். வரிசை மாறிய றோலர்களை மீண்டும் ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். செலவு எதுவும் இல்லை.

அம்ப்ளிபயரையும் அறையையும் சற்றே சந்தேகிக்க வேண்டும். பத்தாம் தந்தியின் மீடிறன் ஏறக்குறைய 123 ஹேர்ட்ஸ். மூன்றாம் தந்தியினுடையது ஏறக்குறைய 415 ஹேர்ட்ஸ். கையடக்கமான பயிற்சி அம்ப்ளிபயரின் சின்ன ஸ்பீக்கர் கீழ்ச் சுரங்களைச் சரியாகத் தள்ளாது. இதற்கு மேல், ஒலி குறையக் குறைய மனிதச் செவி தாழ்ந்த சுரங்களையே முதலில் இழக்கிறது. 1933 இல் ஒலியியல் ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இதைத்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், மேல்வீட்டாருக்குக் கேட்காதபடி ஒலியைக் குறைத்துக்கொண்டு பழகுபவருக்குப் பத்தாம் தந்தி மெலிந்தே கேட்கும். நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டி, ஓரளவு உரத்த நிலையில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். கைபேசியில் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்ப்பதும் உதவும் என்றாலும், கைபேசியின் பதிவுச் செயலி தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்குவதுண்டு என்பதை மறக்கக்கூடாது. கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்ரர்பேஸ் இருந்தால் அதுவே நம்பகமானது.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் குறை நின்றால், முதலில் பார்க்க வேண்டியது தந்திகளை. காந்தப் பிக்கப் தந்தியின் ஒலியைக் கேட்பதில்லை. தன் காந்தப் புலத்தில் அசையும் உருக்கின் அளவையே உணர்கிறது. ஆறாம் தந்தியாகப் போடப்படும், மேலே கம்பி சுற்றாத 0.020 வெறுந்தந்தியின் குறுக்குவெட்டுப் பரப்பு, மூன்றாம் தந்தியான 0.011 இன் பரப்பைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது, 0.022 வெறுந்தந்தி போட்டால் அது சரியாக நான்கு மடங்கு. ஒலியின் உரப்பு இதே விகிதத்தில் ஏறுவதில்லை என்றாலும், ஆறாம் தந்தி ஏன் கத்துகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. சுற்றுத்தந்திகளில், மேலே சுற்றப்பட்ட கம்பியைவிட உள்ளே ஓடும் உருக்குக் கம்பியே பிக்கப்புக்குப் பெரும்பங்கைத் தருகிறது. அந்த உட்கம்பி, அதே தடிப்புள்ள வெறுந்தந்தியைவிட மிக மெல்லியது. ஆகவே வெறுந்தந்தியிலிருந்து சுற்றுத்தந்திக்கு மாறும் இடத்தில், அதாவது ஆறுக்கும் ஏழுக்கும் இடையில், உரப்பில் ஒரு படி இறங்குவது இயல்பு.

கொழும்பில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஈ-9 சுருதிக்கான பத்துத் தந்தித் தொகுதி கடைகளில் கிடைப்பது அரிது. தாராளமாகக் கிடைப்பவை பொக்ஸ் கிற்றார்த் தந்திகளே. வெள்ளவத்தையில் ஒரு மாணவரின் கருவியைப் பார்த்தபோது, ஏழாம் தந்தியிலிருந்து பத்தாம் தந்தி வரை செம்பு நிறத்தில் பளபளத்தன. "அங்கிள், ஆறாவது கத்துது, பத்தாவது செத்துப்போய்க் கிடக்குது" என்றார் அவர். அம்ப்ளிபயரை மாற்றுவதா, பிக்கப்பை மாற்றுவதா என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. பொக்ஸ் கிற்றார்த் தந்திகளில் சுற்றப்பட்டிருப்பது வெண்கலம். காந்தத்துக்கு அது இல்லாத பொருள். பிக்கப்புக்குத் தெரிவது உள்ளே இருக்கும் மெல்லிய உருக்குக் கம்பி மட்டும்தான். நிக்கல் அல்லது உருக்குச் சுற்றுள்ள எலெக்ட்ரிக் கிற்றார்த் தந்திகளை அந்த நான்கு இடங்களிலும் போட்டதும், பத்தாம் தந்தி உயிர்பெற்றது. பிக்கப்பில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

எலெக்ட்ரிக் கிற்றார்த் தொகுதிகளைக் கொண்டே பெரும்பாலான இடங்களை நிரப்பலாம் என்பது இங்குள்ளவர்களுக்குப் பயன்படும் செய்தி. 10 முதல் 46 வரையான (அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில்) வழக்கமான தொகுதியில் 0.013, 0.017, 0.026, 0.036 இருக்கின்றன, அவை முறையே முதலாம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் தந்திகளுக்குப் பொருந்தும். 11 முதல் 49 வரையான தொகுதி 0.011, 0.014 ஆகியவற்றைத் தரும். மூன்றும் நான்கும் தீர்ந்தன. 9 முதல் 42 வரையான மெல்லிய தொகுதியில் உள்ள 0.016 ஐ இரண்டாம் இடத்திலும், 0.032 ஐ ஒன்பதாம் இடத்திலும் போட்டுச் சமாளிக்கலாம். மாணவர் மாதிரிகளில் அந்த இரு தந்திகளையும் பெடலோ லீவரோ இழுப்பது குறைவு என்பதால் சிறு தடிப்பு வேறுபாடு பொறிமுறையைக் குழப்பாது. எஞ்சுவன ஆறும் எட்டும். இவை இரண்டும் இழுபடும் தந்திகள். இவற்றில் தடிப்பை மாற்றினால் பெடலின் ஓட்டத்தையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே 0.020 ஐயும் 0.030 ஐயும் மட்டுமாவது வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் தனித் தந்திகளாகச் சொல்லிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் தந்தியின் நீளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். தலைப்பகுதியின் கோடியில் உள்ள முறுக்காணிகளுக்குச் செல்லும் நடுத் தந்திகளுக்கே அதிக நீளம் தேவைப்படும்.

மூன்றாம் தந்தியைப் பற்றி ஒரு சொல். அடிக்கடி அறுவது அதுதான். அறுந்ததும் கைக்கு அகப்பட்ட 0.010 ஐப் போட்டுவிடுவது இங்கு வழக்கம். அதில் உருக்கு ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. ஏற்கெனவே மெலிந்த தந்தியை மேலும் மெலியவைத்துவிட்டு, பிக்கப்பைக் குறைசொல்வதில் பயன் இல்லை. அதோடு, கடற்காற்றுப்படும் வீடுகளில் சுற்றுத்தந்திகள் விரைவில் மங்கிவிடுகின்றன. புதிதாக மாற்றிய மூன்றும் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் எட்டும் ஒத்து ஒலிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. எனவே எந்த அளவீட்டையும் பத்துத் தந்திகளும் ஒரே நேரத்தில் புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

தந்திகள் சரியானபின் பிக்கப்பின் உயரத்துக்கு வரலாம். இது செலவில்லாத, மீளத் திருத்தக்கூடிய வேலை என்பதால், புதிய பிக்கப்பைப் பற்றி நினைப்பதற்கு முன் இதை முழுமையாக முயன்று பார்த்தே ஆக வேண்டும். தந்திக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையில் தொடக்கத்தில் 3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி வைக்கலாம். வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், நான்கை அடுக்கினால் 3 மில்லிமீற்றர் ஆகிவிடும். ஆனால் பிக்கப்பின் காந்தம் அட்டையின் காந்தப் பட்டையைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், காலாவதியான அட்டைகளையே எடுக்க வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இதற்குச் சரிவராது; அதன் உருக்குத் தகடுகள் காந்த முனையில் ஒட்டிக்கொண்டு அளவையே மாற்றிவிடும்.

சாய்வின் தத்துவம் எளிது. பெடலுக்கேற்பத் தந்திகளை இழுத்துத் தளர்த்தும் பொறியான சேஞ்சரின் பக்கத்தில் தந்திகளின் அடிவிளிம்புகள் ஒரே மட்டத்தில் இருப்பதால், பிக்கப்பைக் கிடையாக வைத்தால் தடித்த தந்திகளே மேலோங்கும். ஆகவே பத்தாம் தந்திப் பக்கத்தில் நான்கு அட்டையும் முதலாம் தந்திப் பக்கத்தில் மூன்று அட்டையும் என்று தொடங்கி, ஒவ்வொரு தடவையும் திருகை அரைச்சுற்று மட்டும் திருப்பி, 3-4-5 பிடியையும் 6-8-10 பிடியையும் மாறி மாறி மீட்டிக் கேட்க வேண்டும். இடைவெளி குறையக் குறைய வெளியீடு மிக வேகமாக ஏறும். எனவே அரைச்சுற்றே நன்றாகக் கேட்கும். மூன்றாம் தந்தியை எழுப்ப வேண்டுமென்று அந்தப் பக்கத்தை மேலும் உயர்த்தினால், அதற்கு வெளியே இருக்கும் ஒன்றும் இரண்டும் அதைவிட வேகமாக ஏறும். அந்த இரண்டும் பிடிகளில் அதிகம் வராதவை என்பதால், அவை சற்று முந்தி ஒலிப்பதைப் பொறுத்துக்கொண்டு மூன்றையும் ஆறையும் நெருங்கவைப்பதே என் விருப்பம். தனித் தந்தியில் ராகம்போல் இழைத்து வாசிக்கும் பழக்கமுள்ளவர் இதை ஏற்காமல் இருக்கலாம். அவருக்கு ஒன்றும் இரண்டும் முக்கியமானவை, ஆகவே அவருடைய சாய்வு வேறாக இருக்கும்.

நெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. காந்தம் தந்திக்கு மிக அருகில் வந்தால், தந்தியின் அதிர்வையே இழுத்துப் பிடித்து, ஒலி நீடிக்கும் நேரத்தைக் குறைத்து, தடித்த தந்திகளில் சுருதி அலைவதுபோல் ஒரு தெளிவின்மையை உண்டாக்கும். மேல் பிரெற் கோடுகளில் பாரை வைக்கும்போது தந்தி காந்த முனையைத் தொட்டு ‘டக்’ என்று ஒலித்தாலும் உயரம் மிகை. அதேவேளை, மிகவும் தாழ்த்திவிட்டு அம்ப்ளிபயரைத் திறந்துவிடுவதும் நல்லதல்ல. ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். தந்தியின் சமிக்ஞை குறைந்தால் இரைச்சலே மிஞ்சும்.

சில மாணவர் மாதிரிகளில் பிக்கப் நேரே மரத்தில் திருகப்பட்டிருக்கும். உயர்த்தித் தாழ்த்த வழியே இராது. அங்கே பிக்கப்பை மாற்றுவதற்குப் பதிலாக, அது அமரும் முறையை மாற்றலாம்: சற்று நீளமான திருகுகளைப் போட்டு, பிக்கப்புக்கும் மரத்துக்கும் இடையில் முச்சக்கர வண்டியின் பெற்றோல் குழாயிலிருந்து வெட்டிய இரண்டு சிறு துண்டுகளைச் செருகினால், அவை ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு கோப்பி குடிக்கும் காசுதான்.

தந்திக்கு ஒன்றாகத் தனித்தனித் திருகு முனைகள் உள்ள பிக்கப் வாய்த்திருந்தால் வேலை இன்னும் எளிது. மூன்றாம் தந்தியின் கீழ் உள்ள திருகைச் சற்று உயர்த்தி, ஆறாவதன் திருகைத் தாழ்த்தினால் போதும். சாய்வால் எட்ட முடியாததை இதனால் எட்டலாம். ஆனால் முனைகள் திருகுகளா, வெறும் காந்தக் கோல்களா என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் வெட்டு இல்லாத கோல்களை அழுத்தித் தள்ளினால் இறங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. பல பிக்கப்களில் கம்பிச் சுருள் அந்தக் கோல்களின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கும். அதற்குப் பயன்படும் 42 ஆம் இலக்கக் கம்பியின் தடிப்பு 0.06 மில்லிமீற்றர் அளவுதான். கோல் அசைந்தால் கம்பி அறும். அறுந்தால் பிக்கப் ஊமை. மின்விசிறி மோட்டர் சுற்றும் கடைகளில் இந்தக் கம்பியும் இராது, இவ்வளவு மெல்லிய சுருளைச் சுற்றும் இயந்திரமும் இராது.

புதிய பிக்கப் எப்போது நியாயமாகிறது? மல்டிமீற்றரால் சுருளின் தடையை அளந்து பார்ப்பது முதற்படி. பெடல் ஸ்டீல் பிக்கப்களில் 15 முதல் 20 கிலோ ஓம் வரையான தடை சாதாரணம். கிற்றாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்களில் அது 6 முதல் 8 வரைதான். அளவீடே கிடைக்காவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஆனால் அப்படியானால் எல்லாத் தந்திகளும் ஒருசேர மெலியும். ஒன்றிரண்டு மட்டும் மெலிவதற்குச் சுருள் காரணமாக முடியாது. தனித் தந்தி மெலிவதற்குப் பிக்கப் காரணமாகும் சந்தர்ப்பங்கள் இரண்டே எனக்குத் தெரியும். முதலாவது, அந்தத் தந்தியின் கீழ் உள்ள காந்தம் வலுவிழந்திருப்பது. சிறிய இரும்புத் திருகு ஒன்றை நூலில் கட்டி ஒவ்வொரு முனைக்கு மேலும் கொண்டுபோனால், எந்த முனை சோம்பியிருக்கிறது என்பது கையிலேயே தெரியும். இரண்டாவது, காந்த முனைகளின் இடைவெளியும் தந்திகளின் இடைவெளியும் பொருந்தாமல், முதலாம் அல்லது பத்தாம் தந்தி முனையை விட்டு விலகி ஓடுவது. முன்னைய உரிமையாளர் ஒருவர் பொருந்தாத பிக்கப்பைப் போட்டிருந்தால் இப்படி நேரும்.

இவை இரண்டும் இல்லாதபோது புதிய பிக்கப் வாங்கினால், ஒலியின் நிறம் மாறும். தந்திகளின் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். ஏனெனில், ஏற்றத்தாழ்வுக்குக் காரணமான தடிப்பு வேறுபாடு தந்திகளோடு அங்கேயே இருக்கிறது. தனி முனைகளுக்குப் பதிலாக நீளமான ஒற்றைத் தகடு கொண்ட பிக்கப், இடைவெளிப் பொருத்தமின்மையை ஓரளவு தீர்க்கும். ஆனால் மூன்றையும் ஆறையும் தனித்தனியே திருத்தும் வசதியை அது தராது. தபாலில் வரவழைத்தால், விலைக்கும் அனுப்பற் கட்டணத்துக்கும் மேலாக 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சுங்கத்தின் ஏனைய அறவீடுகளும் சேரும். வந்தபின் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமல்ல. ஆகவே வாங்கத்தான் வேண்டுமென்றால், முதலாம் தந்தியின் மையத்திலிருந்து பத்தாம் தந்தியின் மையம் வரையான தூரத்தைப் பிக்கப்புக்கு நேர்மேலே அளந்து, திருகுத் துளைகளின் இடைவெளியையும் குழியின் ஆழத்தையும் சேர்த்து விற்பவருக்கு எழுதி, பொருந்தும் என்ற பதிலைப் பெற்ற பின்னரே காசு அனுப்ப வேண்டும்.

கொம்ப்ரசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது பத்துத் தந்திகளின் ஒலியும் ஒன்றாகக் கலந்த பிறகே வேலை செய்கிறது. மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது, உரத்த ஆறாம் தந்தியைக் கண்டு அது ஒலியளவைக் குறைத்தால், மெலிந்த தந்திகளும் சேர்ந்தே குறைகின்றன. பிடிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு ஒரு துளிகூட மாறுவதில்லை. அதற்கு மேல், மின் இரைச்சலை உயர்த்தி, வொலியூம் பெடலால் காலைக் கொண்டு செய்ய வேண்டிய நுட்பத்தையும் மழுங்கடித்துவிடும். ஈக்வலைசரும் இதே வகை ஏமாற்றந்தான்: அது திருத்துவது மீடிறனை, தந்தியை அல்ல. ஆறாம் தந்தியை வெறுமனே மீட்டினால் 208 ஹேர்ட்ஸ். அதே தந்தி பன்னிரண்டாம் பிரெற் கோட்டில் 415 ஹேர்ட்ஸ், அதாவது வெறும் மூன்றாம் தந்தியின் சுரம். 208 ஐக் குறைத்தால், பார் நகர்ந்தவுடன் ஆறாம் தந்தி தப்பிவிடும். 415 ஐக் கூட்டினால் அதுவும் மூன்றோடு சேர்ந்து ஏறும்.

எல்லாம் செய்து முடித்த பிறகும் ஆறாம் தந்தி மட்டும் சற்று முந்திக்கொண்டு நிற்பது மாணவர் மாதிரிகளில் சாதாரணம். அங்கே எஞ்சும் தெரிவு ஒன்றே: 0.020 வெறுந்தந்தியைக் கழற்றி 0.022 சுற்றுத்தந்தியைப் போடுவதா, விடுவதா? சுற்றுத்தந்தி மூன்றாவதோடும் எட்டாவதோடும் மிக இணக்கமாக ஒலிக்கும். காதுக்கு மட்டும் என்றால் அதையே நான் தேர்வேன். ஆனால் அதன் மெல்லிய உட்கம்பியை அதே சுரத்துக்கு ஏற்ற அதிக தூரம் இழுக்க வேண்டியிருப்பதால், பி பெடலின் ஓட்டம் நீளும். பெடலின் அசைவைத் தந்திக்குக் கொண்டுசெல்லும் இழுகோல்களை வெவ்வேறு துளைகளுக்கு மாற்றும் வசதியுள்ள கருவியில் அதைச் சரிக்கட்டலாம். ஒற்றைத் துளை மட்டுமே உள்ள கருவியில், பெடல் அடியைத் தொட்ட பிறகும் ஆறாம் தந்தி ஏ சுரத்தை எட்டாமல் நின்றுவிடக்கூடும். சிறிது உரத்து ஒலிக்கும் தந்தியைவிடச் சுருதி எட்டாத தந்தி பல மடங்கு மோசமானது. எனவே கருவியைக் கவிழ்த்து, ஆறாம் தந்தியின் இழுகோல் பூட்டப்பட்டிருக்கும் இடத்தில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் என்றால், வெறுந்தந்தியை விட்டுவிட்டு, அந்தத் தந்திக்கு வரும்போது பெருவிரலின் வேகத்தைச் சற்றுத் தணிக்கப் பழகிக்கொள்வதே மலிவான வழி.